கையை எடுத்தால் நின்றுவிடும் இசட்80

நான் கட்ட நினைத்தது ஒன்றும் பெரிதல்ல. 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் இருந்த அதே இசட்80 குடும்பத்துப் பிராசசர் (கணினியின் மூளை) சில்லு ஒன்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் கால்களைச் செருகிச் சுற்று கட்டும் பலகை) உட்கார வைத்து, அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுக் கணினியெல்லாம் அப்புறம். நாற்பது கால் இசட்80-க்கு இனி ஆர்டர் எடுக்கமாட்டோம் என்று அதைத் தயாரிக்கும் ஸைலாக் நிறுவனம் 2024-இல் அறிவித்ததும் பதறிப்போய் இரண்டு வாங்கி வைத்திருந்தேன்.

சோதனை எளிது. எட்டு டேட்டா கால்களையும் கிரவுண்டில் (பூஜ்ய வோல்ட்) கட்டிவிட்டால், சில்லு எங்கே போய்ப் படித்தாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். இசட்80-க்குப் பூஜ்யம் என்றால் ‘சும்மா இரு, அடுத்ததற்குப் போ’ என்று அர்த்தம். அதனால் அடுத்து எங்கே படிக்கிறது என்று காட்டும் அட்ரஸ் கால்கள் 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டே போகும். அவற்றில் எல்இடி மாட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு ‘சும்மா இரு’வுக்கு நான்கு கிளாக் துடிப்பு. நான் 555 என்ற டைமர் சில்லை வைத்து நொடிக்கு நான்கு துடிப்பு கொடுத்தேன். (இவ்வளவு மெதுவாக ஓட்ட இசட்80-இல் சீமாஸ் (CMOS) வகைதான் சரி.)

எல்இடிகள் எண்ணின, ஆனால் என் கை போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை மட்டும். கையை எடுத்தால் நின்றுவிடும். 555-ஐ மாற்றினேன், சில்லை மாற்றினேன், அடாப்டரையும் மாற்றினேன். மூன்று நாள் சாயங்காலம் வீண். “ராத்திரி பூரா கையை வச்சுக்கிட்டே உட்காரப் போறீங்களா?” என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை பிரெட்போர்டை அப்படியே பிஸ்கட் டப்பாவில் வைத்து, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். மாடியில் ஒரு சின்னக் கடை. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் பெரியவர். இசட்80-ஐ அவர் கையால் தொட்டதே இல்லையாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, இதுல எத்தனை கால் எதுலயும் சேராம தொங்குது?”

எண்ணிப் பார்த்தேன். வெயிட், இன்டரப்ட், என்எம்ஐ, பஸ் ரிக்வெஸ்ட், ரீசெட் என்று ஐந்து; எல்லாமே வெளியிலிருந்து சில்லுக்கு உத்தரவு வரும் கால்கள். ரீசெட்டுக்குப் பட்டன் உண்டு, ஆனால் அழுத்தாதபோது அதுவும் அந்தரத்தில்தான்.

“அப்ப அஞ்சு ஏரியல் வச்சிருக்கீங்க. உங்க கை கிட்ட வந்தா ஒண்ணு, போனா ஒண்ணு.”

அவ்வளவுதான் விஷயம். இந்த ஐந்துமே பூஜ்யமானால் வேலை செய்பவை. வெயிட் கால் தானாகக் கீழே இறங்கினால், சில்லு மரியாதையாகக் காத்துக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு பத்து கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர் போட்டு 5 வோல்ட்டில் இழுத்துக் கட்டினார். ஐந்து ரெசிஸ்டர்தான் தேவை, ஆனால் உதிரியாகத் தர முடியாது என்று நூறு உள்ள பட்டையை என் தலையில் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சின்னத் தடுமாற்றம். ரீசெட்டைக் குறைந்தது மூன்று கிளாக் துடிப்புக்குப் பிடிக்க வேண்டும். என் வேகத்தில் அது முக்கால் நொடி. டக்கென்று தட்டிவிட்டுக் கையை எடுத்தால் போதாது. நன்றாக அழுத்தி விட்டபின் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் எட்டு நொடியில் எட்டாவது எல்இடி முதல்முறையாக எரிந்தது. இருமக் கணக்கில் எண்ணிக்கை 128. கை மடியில் இருந்தது.

இந்தப் பதிவுக்கு வேளச்சேரியிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

சார், உங்களுக்கு ஏரியல் என்றால் எனக்குத் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டிக்கு இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லும், ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும் வைத்து மட்டம் பார்த்தேன். முதலில் வைத்த எச்.சி-எஸ்ஆர்04 சென்சார் தொட்டி ஈரத்தில் சில வாரத்தில் பச்சை பூத்துப் போனது. அடுத்து தண்ணீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி. அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுமார் 20 சென்டிமீட்டருக்குள் வந்த எதையும் அதால் அளக்க முடியாது. நான் அதை மூடிக்கு ஒட்டி மாட்டியிருந்தேன். அதாவது தொட்டி நிறையும் நேரத்தில்தான் அதற்குக் கண் தெரியாது! போனில் ‘பாதி’ என்று காட்டிக்கொண்டிருக்க, வாட்ச்மேன் அண்ணன் கீழிருந்து, “மேடம், சத்தம் மாறிடுச்சு, மோட்டாரை அணைங்க!” என்று கத்தினார். தண்ணீர் விழும் ஓசையை வைத்தே அவருக்கு மட்டம் தெரியும். இப்போது மூடிக்கு மேல் ஒரு அடி பிவிசி குழாய் வைத்து அதன் உச்சியில் சென்சாரை ஏற்றியிருக்கிறேன். குழாய்ச் சுவரில் பட்டு எதிரொலி கொஞ்சம் குழப்புகிறது, அகலக் குழாய் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து இன்னொருவர்:

முதல் பதிவு போட்டவருக்கு: அந்த மாடிக்கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? எனக்கும் நான்கு ரெசிஸ்டர்தான் வேண்டும்.

முதல் பதிவிட்டவர்:

ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். அங்கே போகவே வேண்டாம், என்னிடம் 95 இருக்கிறது.