விலக்குகளைத் தவிர மாணவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லையா?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் மலையைக் காப்பது பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாத் தாள்களிலும் வெட்டக் கூடாது, எரிக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்ற விலக்குகளே நிறைந்திருந்தன. ஒரு மாணவியோ, மனிதர்களே இல்லாவிட்டால் மலை நன்றாக இருக்கும் என்று முடித்திருந்தாள். தேயிலை பறிக்கும் தாயின் உழைப்பில் படிக்கும் அக்குழந்தை தன்னையே இம்மலையின் குறையாக எண்ணுவது என்னை உறுத்துகிறது. பொய் கலக்காமல் நம்பிக்கை தரும்படி இப்பாடத்தை நடத்த வழியுண்டா?

மறுமொழி: கட்டபெட்டு வாசகர்

அந்த மாணவியை லாங்வுட் சோலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் நெருக்கும் அந்த 116 ஹெக்டேர் சோலைதான் கீழுள்ள ஊர்களுக்கு நீர் தருகிறது. 2024இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆளில்லாததால் அது பிழைக்கவில்லை. வனத்துறையோடு உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவினரும் காவலிருந்ததால் பிழைத்தது.

மறுமொழி: கொடைக்கானல்வாசி

ஆசிரியை அவர்களுக்கு, பழனி மலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் நடப்பட்ட அயல்நாட்டு வாட்டில் மரங்கள் (உங்கள் பக்கத்தில் சீகை என்பீர்கள்) எங்கள் புல்வெளிகளை விழுங்கிவிட்டன. ஆயினும் முதிர்ந்த வாட்டில் தோப்புகளின் நிழலில், பறவைகள் இட்ட விதைகளிலிருந்து சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. அங்கே ஆத்திரப்பட்டு மொத்தமாக வெட்டினால், வெயில் பட்டதும் மண்ணில் உறங்கும் வாட்டில் விதைகளே முதலில் முளைக்கும். பொறுமையாகக் கன்றுகளை வளரவிடுவதே மேல். எஞ்சிய புல்வெளியில் நிலைமை நேர்மாறானது. அங்கு நுழையும் வாட்டில் கன்றுகளை இளமையிலேயே பிடுங்கி, இழந்த இடத்தில் நாட்டுப் புல்லைத் தூர் தூராக நட வேண்டும். எங்கே கைவைப்பது, எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று பார்த்துப் பழகுவதற்கு எட்டாம் வகுப்பு வயது போதும். நம்மில் பலருக்கு ஐம்பதிலும் அது வரவில்லை.

மறுமொழி: குன்னூர் வாசகர்

நல்ல செய்தியையும் துருவிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். தமிழ்நாட்டு வரையாடுகளின் எண்ணிக்கை 2024இல் 1,031, 2025இல் 1,303. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாம் முறை கணக்கெடுத்த பகுதிகளும் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்த உயர்வில் எவ்வளவு பிறப்பு, எவ்வளவு தேடல் என்று மாணவர்களே கேட்பார்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. லாங்வுட் சோலைக்குள் செல்ல வனத்துறையிடம் அனுமதி கோரும் கடிதத்தை எழுதும் பொறுப்பை அந்த மாணவியிடமே கொடுத்திருக்கிறேன். வாட்டில் பற்றிய குறிப்பை வகுப்பில் படித்துக் காட்டியபோது, எங்கள் பள்ளி வேலிக்கு அப்பால் உள்ள சீகை மரங்களுக்கு அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க இருவர் மணியடிக்கும் முன்பே எழுந்து நின்றனர்.