மறு: ‘ஸ்டேபிள்’ வட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> ஸ்டேபிள் என்றால் நிலைப்பு. ஓவர்ஸ்டேபிள் மிகைநிலைப்பு, அண்டர்ஸ்டேபிள் குறைநிலைப்பு. இதில் என்ன தகராறு?

தகராறு அகராதியில் இல்லை ஐயா, ஆடுகிறவர்கள் வாயில் இருக்கிறது. பறக்கும் தட்டை வீசிக் கூடையில் விழவைக்கிற டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் ஸ்டேபிள் என்றால் விட்ட வாக்கில் நேராகப் போகிற வட்டு. ஆனால் ‘இன்னும் கொஞ்சம் ஸ்டேபிளாக’ என்று ஒருவர் கேட்டால், பெரும்பாலும் அவர் கேட்பது நேராகப் போவதை அல்ல. கடைசியில் வெடுக்கென்று பக்கவாட்டில் மடங்கி விழுகிற ஓவர்ஸ்டேபிளை. அமெரிக்கக்காரர்களே ஒரே சொல்லை இரண்டுக்கும் புழங்குகிறார்கள். நாம் ‘நிலைப்பு’ என்று வைத்தால் அந்தக் குழப்பத்துக்கும் சேர்த்துத் தமிழ்ப் பெயர் சூட்டியதாகும்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் தோப்பிலும் தமிழ். பழைய சைக்கிள் ரிம்மைச் சுற்றி நாய்ச்சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு மூங்கில் கூடையைக் கட்டி, அண்ணன் மகனும் நானும் ஆடுகிறோம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேகாத்து எப்படி வரும் என்று பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன ஆடியில் ஒரு நாள், வழக்கமாக நேரே போகிற வட்டை மேற்கே பார்த்து வீசினேன். பாதித் தூரத்தில் வலது பக்கம் கவிழ்ந்து, பனையை ஒட்டிப் போய் வாய்க்காலில் விழுந்தது. ‘வட்டு கெட்டுப்போச்சு சித்தப்பா’ என்றான் பையன். வட்டு கெடவில்லை. எதிர்க்காற்றில் அதன் மேல் மோதும் காற்றின் வேகம் கூடுவதால், இன்னும் வேகமாக வீசியதுபோல் நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதையே காற்றோடு சேர்த்துக் கிழக்கே வீசினேன். சீக்கிரமே இடப்பக்கம் மடங்கி இறங்கிவிட்டது. காற்றுக்குக் காற்று மாறுகிற ஒன்றுக்கு ‘நிலைப்பு’ என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். வேகமாகப் போகையில் தூக்குவிசை வட்டின் மையத்துக்குப் பின்னால் நின்று மூக்கை, அதாவது முன்விளிம்பை, அமுக்கப் பார்க்கும். வட்டு சுழல்வதால் மூக்கு அமுங்காது. அந்த அமுக்கம் கால் சுற்றுத் தள்ளிப் பக்கவாட்டுச் சாய்வாக வெளிப்படும். வேகம் குறையும்போது விசை முன்னால் நகரும், சாய்வு மறுபக்கம் திரும்பும். முன்னதை டர்ன் என்கிறார்கள், பின்னதை ஃபேட்.

இதை வலம், இடம் என்று சொல்லிவிடலாமே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. பையன் இடக்கைக்காரன்; என் வலம் அவனுக்கு இடம். நானே புறங்கையால் வீசாமல் உள்ளங்கைப் பக்கமாக வீசினால் எல்லாம் தலைகீழ். மாறாமல் இருப்பது ஒன்றுதான்: டர்ன் எப்போதும் வட்டின் முன்விளிம்பு சுழலும் பக்கம் போகும், ஃபேட் அதற்கு எதிரே. வலஞ்சுழி, இடஞ்சுழி என்று நம்மிடம் சொல் தயாராக இருக்க, ஏன் நிலையைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

ஆகவே டர்ன் ‘சுழிச்சாய்வு’, ஃபேட் ‘எதிர்ச்சாய்வு’. அண்டர்ஸ்டேபிள் வட்டு ‘சுழிசாய்’, ஓவர்ஸ்டேபிள் ‘எதிர்சாய்’, இரண்டுக்கும் நடுவே போவது ‘நேரோடி’. (முதலில் ‘சுழியோடி’ என்றுதான் எழுதினேன். ஈழத்தில் அது நீரில் மூழ்குகிறவருக்கான சொல் என்று நினைவு வந்து அடித்துவிட்டேன்.) என் வட்டு ஒன்றின் முதுகில் 6, 5, −2, 1 என்று அச்சிட்டிருக்கிறது: வேகம், மிதப்பு, சுழிச்சாய்வு, எதிர்ச்சாய்வு. மூன்றாவது எண் மைனஸில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு அது சுழிசாய்.

ஹோலுக்குக் ‘குழி’ வேண்டாம். இங்கே குழியே கிடையாது. 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தபோது இலக்கு வெறும் கம்பம்தான். சங்கிலிக் கூடை அப்புறம் வந்தது. ‘கூடை’ போதும். ஃபிரிஸ்பீ ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். ஜெராக்ஸ் கடை மாதிரி பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், கலைச்சொல் பட்டியலில் வேண்டாம்.

‘வட்டு’ என்பதற்குச் சான்றாக ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்ற 401-ஆம் குறளைக் காட்டியிருந்தார்கள். அந்த வட்டாடலைப் பரிமேலழகர் உண்டை உருட்டல் என்கிறார். இது பறக்கிற தட்டு. பள்ளிக்கூட வட்டெறிதல் இருக்கிறதே, அந்தச் சான்றே போதும். எனக்குத்தான் ஒரு சங்கடம்: மலையாளத்தில் வட்டு என்றால் கிறுக்கு. ‘வட்டு ஆட வர்றீங்களா’ என்று பக்கத்துத் தோப்பு சேட்டனைக் கூப்பிட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்.

பையன் இரண்டே நாளில் ‘எதிர்சாயை’ வெட்டி ‘எதிரி’ ஆக்கிவிட்டான். ‘காத்து ஏறுது சித்தப்பா, எதிரியை எடுங்க’ என்கிறான். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதுங்கள். எனக்கு இல்லை.