பாஸ்வேர்டு லாகினை மூடியும் திறந்தே கிடக்கிறது

கேள்வி:
வணக்கம். உபுண்டு சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஃபைல் வைத்து எஸ்எஸ்ஹெச்சில் (SSH, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) நுழைவது ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் அதன் அமைப்புகள் இருக்கும் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் (sshd_config) ஃபைலின் கடைசியில் 'பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ' (பாஸ்வேர்டு லாகின் வேண்டாம்) என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். ஆனாலும் இன்று காலை லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) 'ஃபெயில்டு பாஸ்வேர்டு' வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வேறொரு கணினியிலிருந்து முயன்றால் பாஸ்வேர்டு கேட்கிறது. பயமாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில் 1:
ஃபைலின் மேலேயே ஓர் இன்க்ளூட் வரி இருக்கும், பாருங்கள். எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரில் உள்ளவற்றை அது முதலில் படித்துவிடும். ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் (சர்வரில் ஓடும் எஸ்எஸ்ஹெச் மென்பொருள்) முதலில் கிடைத்த மதிப்புதான் செல்லும். பின்னால் நீங்கள் எழுதியது எடுபடாது. பெரும்பாலும் அந்த ஃபோல்டரில், சர்வரை முதன்முதலில் அமைக்கும் கிளவுட்-இனிட் கருவியின் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் ஃபைலில் 'எஸ்' (yes) என்று இருக்கும். எனக்கும் இதே நடந்தது, ஒரு வாரம் கவனிக்கவேயில்லை. அன்றிலிருந்து ஃபைலைப் பார்த்து நம்புவதில்லை. 'சுடோ எஸ்எஸ்ஹெச்டி -டி' (sudo sshd -T, பெரிய எழுத்து T) கொடுத்து, உண்மையில் நடப்பில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவேன். உங்கள் வரியை 10 என்று தொடங்கும் தனி ஃபைலில் அதே ஃபோல்டரில் வையுங்கள், பெயர் வரிசையில் 50-ஐ முந்திக்கொள்ளும்.

பதில் 2:
மாற்றும்போது இப்போதைய செஷனை மூடிவிடாதீர்கள். இன்னொரு டெர்மினலில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். அப்புறம், லாகில் 'ஆக்செப்டட் பாஸ்வேர்டு' என்று தேடுங்கள். யாராவது பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்துவிட்டார்களா என்று அதுதான் காட்டும்; தோல்வி வரிகளைவிட அதுதான் முக்கியம்.

கேட்டவர்:
50-கிளவுட்-இனிட் தான்! 10 என்று புது ஃபைல் வைத்தேன், இப்போது அந்த வேறு கணினியில் பாஸ்வேர்டு கேட்காமல் 'பெர்மிஷன் டினைடு' (அனுமதி மறுப்பு) வருகிறது. ஆக்செப்டட் வரிகளில் என் சாவி மட்டுமே இருக்கிறது. மிக்க நன்றி.