புதுப்பிப்பு: கப்பலில் துணி துவைப்பது பற்றி

சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறினால் துணி துவைக்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். மயிலாப்பூர் திரும்பிவிட்டதால் விவரம் எழுதுகிறேன். பிரின்சஸ் நிறுவனத்தின் கப்பல்களில் பயணிகளே துவைத்துக்கொள்ளும் இயந்திர அறைகள் உண்டு, ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் இல்லை என்பதால், பதிவு செய்யும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது. எங்கள் கப்பலிலும் இல்லை. சலவைக்குக் கொடுத்தால் உருப்படிக் கணக்கில் கட்டணம்; ஒரு சட்டைக்கான தொகையில் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் ஒரு வாரத் துணியைத் தேய்த்துவிடுவார். ஆகவே கைகழுவும் தொட்டியில் அலசி, உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தி, குளிக்கும் இடத்தில் இருந்த இழுத்து மாட்டும் துணிக்கொடியில் போட்டோம். பாலியஸ்டர் சட்டைகள் விடிவதற்குள் காய்ந்தன. அப்பாவின் பருத்தி வேட்டியோ, அதன் கரை போட்ட ஓரத்தில் மறுநாள் மாலையிலும் சில்லென்றே இருந்தது. தீ அபாயம் கருதி அறையில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதியில்லை.