ஹயபூசாவின் ஸ்விங் ஆர்மை நீட்டலாமா? செய்தவர்கள், செய்து பட்டவர்கள் சொல்லுங்கள்

என் வண்டி 2012 ஹயபூசா (சுசுகி பைக்), 1340 சி.சி. கம்பெனி கொடுத்த வீல் பேஸ், அதாவது இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையில் உள்ள தூரம், 1480 மி.மீ. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை நீட்டினால் இது கூடும். வாங்கி நாலு வருஷம் ஆகிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் ரேஸ் (drag race, இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் மோதும் போட்டி) என்றால் எப்படியாவது லீவு போட்டுவிட்டுப் போய்விடுவேன். அங்கே எனக்கு நடப்பதை எழுதுகிறேன். ஆர்மை நீட்டியவர்கள், நீட்டிவிட்டுத் திரும்ப மாற்றியவர்கள், நீட்டாமலே சமாளித்தவர்கள் எல்லாரும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சை விடுகிறேன். இருபது அடி போவதற்குள் ஹேண்டில் பார் கனமே இல்லாமல் போய்விடும். டேங்க் மேல் நெஞ்சை வைத்து அழுத்தினாலும் முன்சக்கரம் எழும்புகிறது. ஆக்ஸிலேட்டரைக் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தால் சக்கரம் தொப்பென்று விழுகிறது, திரும்ப முறுக்குவதற்குள் பக்கத்து லேன்காரர் ஒரு வண்டி நீளம் முன்னால் போயிருப்பார். 402 மீட்டர் ஓட்டத்தில் முதல் 60 அடியில் விட்டதைக் கடைசியில் பிடிக்கவே முடியாது. போன தடவை என் பக்கத்தில் நின்ற பூசா ஆறு இஞ்ச் நீட்டிய வண்டி. அது முன்சக்கரத்தைத் தரையில் வைத்தபடியே கிளம்பிப் போனதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் படுத்து உட்கார்ந்தால் எனக்கும் வண்டிக்கும் சேர்த்த எடைமையம் இரண்டு சக்கரத்துக்கும் ஏறத்தாழ நடுவில், பின்சக்கரத்திலிருந்து 740 மி.மீ. முன்னால் இருக்கிறது, உயரம் 650 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.14. முடுக்கம் 1.14 ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.14 மடங்கை, தொட்டால் முன்சக்கரம் எழும்பும் என்று அர்த்தம். ஆறு இஞ்ச் நீட்டினால் அந்த 740 சுமார் 880 ஆகிறது, எண் 1.35-க்குப் போகிறது. நீட்டாமல் வண்டியை 50 மி.மீ. தாழ்த்தினால் மட்டும் 1.23. பாதி தூரம் தாழ்த்துவதிலேயே கிடைத்துவிடுகிறது என்று பார்த்தபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. மீதிப் பாதிக்காக ஆர்மில் கை வைக்கலாமா?

இதே வண்டியில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

* * *

தம்பி, நான் கோயம்புத்தூர் கணபதியில சின்னப் பட்டறை வச்சிருக்கறேனுங்க. லேத், மில்லிங், ஆர்கான் வெல்டிங் மூணும் உண்டு. "அண்ணே, நடுவுல வெட்டி ஆறு இஞ்ச் சேத்துக் குடுங்க"ன்னு ஆர்மைத் தூக்கிட்டுப் பசங்க வருவாங்க. முன்னாடி ரெண்டு பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கறேன். இப்ப அந்த வேலையை எடுக்கறதில்லைங்க. காரணத்தைச் சொல்லிடறேன், அப்புறம் உங்க முடிவு.

அலுமினியம் இரும்பு மாதிரி இல்லைங்க. இரும்புக் குழாயை ஒழுங்காப் பத்த வச்சா பத்துன எடம் கெட்டியா நிக்கும். 6061 டி6-ன்னு வர்ற அலுமினியத்தை 530 டிகிரிப் பக்கம் காய்ச்சி, தண்ணியில தோச்சு, அப்பறம் 170 டிகிரியில மணிக்கணக்கா வச்சுத்தான் அந்தப் பலத்தை ஏத்தறாங்க. நாம டார்ச்சை வச்சதுமே வெல்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் அளவுக்கு அந்தப் பதம் எறங்கிப் போகுது. அந்த எடத்துல பலம் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். வெல்டு பாக்க அடுக்கி வச்ச காசு மாதிரி அழகா இருக்கும், அதைப் பாத்து ஏமாந்துறக் கூடாதுங்க. ஒடையறது வெல்டுல இல்லை, வெல்டோட ஓரத்துல. முழு ஆர்மையும் திரும்பப் பதம் ஏத்தணும்னா அதுக்குத் தகுந்த பெரிய உலை வேணும், காய்ச்சித் தோய்க்கறப்ப ஆர்ம் கோணிக்காம இறுக்கிப் புடிச்சு வைக்கற ஜிக் வேணும். அதுவும் போக, கம்பெனி ஆர்முல வார்ப்புத் துண்டு ஒரு கலவை, நடுவுல இருக்கற பகுதி வேற கலவைன்னு இருக்கும். எது எதுன்னு பட்டறையில கையில வச்சுப் பாத்துச் சொல்ல முடியாதுங்க.

நான் செஞ்சு குடுத்ததுல ஒண்ணு எட்டு மாசம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. அந்தப் பையன் டயர் மாத்தறதுக்காகக் கழட்டுனவன், "எதுக்கும் ஒரு தடவை பாத்துக் குடுங்கண்ணே"ன்னு கொண்டு வந்தான். பெனட்ரன்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டற சாயம், போட்டுப் பாத்தோம். நல்லாத் துடைச்சு, செவப்புத் திரவத்தை அடிச்சு, பத்து நிமிஷம் ஊற விட்டு, மேல இருக்கறதைத் துணியில துடைச்செடுத்துட்டு வெள்ளை டெவலப்பர் அடிச்சேன். மூணு நிமிஷம் ஒண்ணும் தெரியலை. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்பறம் எடது பக்கம், செயின் ஓடற பக்கம், வெல்டு ஓரத்துல பென்சில்ல கோடு போட்ட மாதிரி ஒரு செவப்பு மெதுவா ஊறி வந்துச்சுங்க. நீளம் நாலு செ.மீ. இருக்கும். வெறுங்கண்ணுக்கு அந்த எடத்துல ஒரு கீறல் கூட இல்லை. அந்தப் பையன் அந்த வண்டியிலதான் முந்தின வாரம் பாலக்காடு போயிட்டு வந்திருந்தான்.

அன்னிக்கே ரெண்டாவது ஆளுக்கும் போன் பண்ணி வரச் சொன்னேன். அதுல விரிசல் இல்லை. இருந்தாலும் கழட்டி வைக்கச் சொல்லி, பழைய மார்க்கெட்டுல ஸ்டாண்டர்ட் ஆர்ம் வாங்க என் பங்குக்குக் காசு குடுத்தேனுங்க.

செயின் என்ன இழுப்பு இழுக்கும்னு யாரும் யோசிக்கறதில்லை. உங்க பூசா மொத கியர்ல முன்சக்கரம் தூக்கற அளவுக்கு இழுக்கறப்ப, செயின்ல ஒரு டன்னுக்கு மேல பாரம் வருதுங்க. அந்த இழுப்பு மொத்தமும் ஆர்மோட எடது கையிலதான். ஒவ்வொரு தடவை கிளட்ச் விடறப்பவும் ஒரு டன் சம்மட்டி அடி.

போல்ட்டுல மாட்டற நீட்டிப்புக் கட்டை கெடைக்குது, வெட்டாம மாட்டலாம்கறாங்க. பத்த வைக்கறதை விட அது தேவலாம், பதம் போகாது. ஆனா ரெண்டு பக்கக் கட்டையும் ஒரே அளவு இருக்கான்னு மைக்ரோமீட்டர் வச்சுப் பாருங்க. ஆக்ஸில்ல ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 25 செ.மீ.ன்னா, அங்க 2 மி.மீ. வித்தியாசம் வந்தாலே முன்சக்கரத்துக்கிட்ட 13 மி.மீ. கோணலாப் போயிரும். வண்டி நண்டு மாதிரி ஓடும்.

என்னைக் கேட்டா, நீட்டித்தான் ஆகணும்னா அந்த நீளத்துக்குன்னே வடிவமைச்சு வர்ற முழு ஆர்மை வாங்குங்க. வெலை ஜாஸ்திதான். பத்த வைக்கற வேலைக்கு மட்டும் யாரு சொன்னாலும் போயிறாதீங்க.

* * *

அண்ணன் சொன்னதோடு செயின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ப்ரோ. 530 செயினில் ஒரு லிங்க் 15.875 மி.மீ. பின்சக்கரம் 150 மி.மீ. பின்னால் போனால் மேலும் கீழுமாக 300 மி.மீ. செயின் கூடுதலாக வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 19 லிங்க். செயினில் இரட்டைப்படைதான் போகும், ஆக 18 அல்லது 20. அட்ஜஸ்டரில் அதற்கு இடம் இருக்கிறதா என்று ஆர்ம் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் வாங்கி, செயினை இரண்டு தடவை வாங்கினேன்.

நீளமான செயின் ஆடும். என் வண்டியில் கீழ்ப்பக்கச் செயின் ஆர்மின் அடியில் உரசி பெயின்ட்டைத் தின்று அலுமினியம் வரைக்கும் பள்ளம் போட்டிருந்தது. நடுவில் ஒரு ரோலர் வைத்த பிறகு நின்றது. பின் பிரேக் ஹோஸை இழுத்துக் கட்டிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சக்கரம் முழுசாகக் கீழே தொங்கும்போதும் தொய்வு இருக்கிற நீளத்தில் ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் புதிதாகச் செய்து மாட்டுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால் சென்சார் வயருக்கும் அதே கதை.

* * *

நான் எட்டு இஞ்ச் நீட்டி ஒன்றரை வருஷம் ரோட்டில் ஓட்டியவன். சேலம். டிராக் எல்லாம் போனதில்லை, படத்தில் பார்த்த வண்டி மாதிரி நீளமாக, தாழ்வாக இருக்க வேண்டும் என்ற ஆசை. பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் கூட்டம் கூடும். அந்தச் சந்தோஷம் உண்மைதான், மறுக்க மாட்டேன்.

அந்த வண்டியைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோனேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலேயே எதிர் லேனுக்குப் போய்விட்டேன். ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போக நினைக்கிறது. ஏழாவது வளைவில் மேலிருந்து அரசு பஸ் வந்தது. டிரைவர் அண்ணன் என் நிலைமையைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, கையைக் காட்டி, நான் இரண்டு தடவை காலால் தள்ளிப் பின்னால் வந்து திரும்பும் வரைக்கும் பொறுமையாக இருந்தார். அங்கேயே இறங்கிவிட்டேன், மலை ஏறவில்லை.

சஸ்பென்ஷன் விஷயத்தையும் யாரோ முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஷாக் அப்சார்பர் அதே இடத்தில்தான் இருக்கிறது, சக்கரம் மட்டும் தள்ளிப் போகிறது. கடப்பாரையின் கைப்பிடியை நீளமாக்கின மாதிரி. ஆர்ம் 60 செ.மீ. என்றால் 80 ஆக்கினேன். சக்கரத்தில் நின்று பார்த்தால் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை பாதியைச் சற்று தாண்டித்தான் இருக்கும். பின்பக்கம் உட்கார்ந்துவிடும். பின்பக்கம் உட்கார்ந்தால் முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்து, ஸ்டியரிங் இன்னும் கனக்கும். ஸ்பிரிங்கை மாற்றாமல் ஆர்மை மட்டும் நீட்டியது என் தவறு. ஒரு ஸ்பீட் பிரேக்கரில் எக்ஸாஸ்ட் அடி வாங்கி நசுங்கிய பிறகுதான் இதெல்லாம் படித்தேன். இப்போது ஸ்டாண்டர்ட் ஆர்ம் போட்டுவிட்டேன். போன மாசம் கொல்லிமலை போய் மேலே ஆகாய கங்கை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தேன்.

* * *

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன் சார். ஆர்.சி.யில் வீல் பேஸ் மி.மீ. கணக்கில் அச்சாகி இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் இதை உறுதி செய்திருக்கிறது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து என்று ஒன்று நடந்து, எதிரில் வந்தவர் அடிபட்டு, இன்ஷூரன்ஸ்காரர் டேப்பை எடுத்து வீல் பேஸை அளந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மூடிய டிராக்கில், போட்டிக்கு என்று மட்டும் ஓடும் வண்டி என்றால் அது வேறு விஷயம்.

* * *

எல்லாருக்கும் நன்றி. கோயம்புத்தூர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, வெல்டிங்குக்கு ஆள் பேசி வைத்திருந்ததை அன்று ராத்திரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் அளக்கலாம் என்று முடிவு செய்தேன். போன பிராக்டிஸ் நாளில் கிளம்பும் கோட்டிலிருந்து 18.3 மீட்டரில், அதாவது 60 அடியில், ஒரு கோன் வைத்தோம். நண்பன் பக்கவாட்டில் நின்று, வினாடிக்கு 240 ஃபிரேம் ஓடும் ஸ்லோ மோஷனில் எடுத்தான். ராத்திரி உட்கார்ந்து ஃபிரேமை எண்ணினோம். ஐந்து ஓட்டத்தின் சராசரி 2.04 வினாடி. ஐந்தில் மூன்றில் முன்சக்கரம் எழும்பி, நான் ஆக்ஸிலேட்டரைக் குறைத்தது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. மற்ற இரண்டில் சக்கரம் எழும்பவே இல்லை, ஆனாலும் நேரம் மோசம். அங்கே நான் கிளட்சைப் பயந்து பயந்து விட்டிருக்கிறேன். ஆர்மை நீட்டியிருந்தாலும் அந்த இரண்டு ஓட்டமும் அப்படியேதான் இருந்திருக்கும்.

அடுத்து பின்னால் நீளமான டாக்போன் (பின் ஷாக்கோடு சேரும் இணைப்புக் கம்பி) மாட்டி, முன்னால் ஃபோர்க்கை ஸ்ட்ராப் போட்டு (பட்டையால் இழுத்துக் கட்டி) இறக்கி, வண்டியை 50 மி.மீ. தாழ்த்தினேன். ஸ்ட்ராப் போட்ட வண்டியில் முன் சஸ்பென்ஷன் வேலை செய்யாது, பிரேக் பிடித்தால் டயர் துள்ளும். அதனால் டிராக்கில் மட்டும்தான் அப்படி ஓட்டுகிறேன், முடிந்ததும் அங்கேயே அவிழ்த்துவிடுகிறேன். வீட்டுக்கு வண்டி குட்டியானையில்தான் வருகிறது. கிளட்ச் பிராக்டிஸ் மட்டும் ஒரு நாள் முழுக்கச் செய்தோம். அதே கோன், அதே நண்பன், அதே போன். சராசரி 1.90.

இன்னொன்றும் புரிந்தது, இதை யாரும் சொல்லவில்லை. பின்சக்கரத்தைத் தள்ளி வைத்தால் நின்ற நிலையில் பின்னால் விழும் எடையும் குறைகிறது. என் கணக்கில் பாதிப் பாதியாக இருப்பது ஆறு இஞ்ச் நீட்டினால் பின்னால் 46 சதவீதம்தான். எங்கள் ஓடுதளம் அமெரிக்க டிராக் ரேஸ் தளம் மாதிரி பசை போட்டுத் தயார் செய்த தளம் இல்லை. வீலி (முன்சக்கரம் எழும்புவது) போய் வீல் ஸ்பின் (பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழல்வது) வந்தால் எனக்கு என்ன லாபம்? இப்போதே ஐந்தாவது ஓட்டத்தில் டயர் லேசாகச் சுழல்கிறது, வீடியோவில் புகை தெரிகிறது.

அதனால் இந்த வருஷம் 1480-தான். 1.80-க்குக் கீழே வந்த பிறகும் முன்சக்கரம்தான் என்னைத் தடுக்கிறது என்று வீடியோ காட்டினால், முழு ஆர்ம் வாங்கி டிராக்குக்கு மட்டும் மாட்டுவேன். கணபதி அண்ணே, அப்போது அதை முதலில் உங்களிடம்தான் கொண்டு வருவேன். மாட்டுவதற்கு முன்னால் அந்தச் சிவப்புத் திரவத்தை என் கண் முன்னால் ஒரு தடவை அடித்துக் காட்டுங்கள்.