அரிசியில் பாதரசம்: எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது?

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில், செகோத்தொங் பகுதியில் இருக்கிறேன். இங்கே சிறு தங்கச் சுரங்கக்காரர்கள் பாறையைப் பாதரசத்தோடு சேர்த்து அரைக்கிறார்கள். கழிவுச் சேறு ஓடை வழியாக நெல்வயலுக்குப் போகிறது. போன அறுவடைக்குப் பிறகு, வயலை ஒட்டியுள்ள வீடுகளில் பலருக்கு விரல்கள் மரத்துப்போகின்றன, கை நடுங்குகிறது. இவர்கள் யாரும் சுரங்க வேலைக்குப் போனதில்லை.

உள்ளூர் மருத்துவர் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார், குறையவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் பாதரச அளவு இயல்பாகவே வந்தது. ஆனால் மெத்தில் பாதரசம் (உணவு வழியாக உடலில் சேர்ந்து நரம்பைப் பாதிக்கும் பாதரச வகை) சிறுநீரில் சரியாகத் தெரியாது, அதனால் அந்த முடிவை நான் நம்பவில்லை. அரிசியில் மொத்தப் பாதரசம், சீனா தானியத்துக்கு வைத்துள்ள கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருக்கிறது. நீர் தேங்கிய வயலில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும், அது நெல்மணிக்குள்ளேயே சேரும், தீட்டினாலும் பெரும்பகுதி போகாது. ஆனால் இந்த அரிசியில் அதன் பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை. தலைமுடியில் அளக்கலாம் என்றால், இவர்கள் மீனும் சாப்பிடுகிறார்கள். மீனிலும் மெத்தில் பாதரசம் இருக்கும், அதனால் முடியில் வரும் அளவு அரிசியிலிருந்தா மீனிலிருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழந்தைகளும் தினமும் இதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கையில் உள்ள பணம் ஒரு பரிசோதனைக்குத்தான் போதும். அரிசியில் மெத்தில் பாதரசம், தலைமுடியில் பாதரசம், இந்த இரண்டில் எதை முதலில் செய்யலாம்?