டிசைன் ஸ்பிரிண்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் – வெள்ளிக்கு முன் வேண்டும்

கோண்டாவில், ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். கெதியாய் ஒரு சொல் வேண்டும். தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும், உள்ளடக்கம் எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்புக்குத்தான் சொல் இல்லை. விஷயம் டிசைன் ஸ்பிரிண்ட். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஏழு பேருக்கு மேற்படாத ஒரு குழு ஐந்து நாள் ஒரே அறையில் இருந்து ஒரு பொருளைப் பற்றிய யோசனையைப் பிடித்து, அதை உருவாக்கிச் செலவழிக்க முன்னரே அது எடுபடுமா என்று பார்த்துவிடுவது. திங்கள் சிக்கலை வரைபடமாகப் போட்டு எந்த இடத்தில் கைவைப்பது என்று குறிப்பது, செவ்வாய் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தீர்வு வரைவது, புதன் ஒன்றைத் தீர்மானிப்பது, வியாழன் மேலோட்டமாக ஒரு முன்மாதிரி செய்வது, வெள்ளி அதைப் பாவிக்கப் போகிற ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பது. ஜேக் நாப் என்பவர் 2010 இல் கூகிளில் இருந்தபோது தொடங்கியது, பிறகு கூகிளின் முதலீட்டு நிறுவனமான கூகிள் வென்ச்சர்ஸில் புதிய நிறுவனங்களோடு திரும்பத் திரும்பச் செய்து இந்த வடிவத்துக்கு வந்தது.

எங்கள் பிள்ளைகள் எடுத்திருப்பது வெங்காய விலை. மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் அன்று காலை என்ன விலை போகிறது என்பதைத் தோட்டக்காரர் சந்தைக்கு ஏற்ற முன் கைபேசியில் பார்க்க ஒரு செயலி.

இப்போதைக்கு 'வடிவமைப்பு ஓட்டம்' என்று போட்டிருக்கிறேன். மின்னோட்டம், குருதியோட்டம் படித்த பிள்ளைகள் இதையும் அந்த வரிசையில் சேர்த்துப் பார்க்கிறார்கள், எது எங்கே ஓடுகிறது என்று கேட்கிறார்கள். உதவுங்கள்.

திருநெல்வேலி, ஞாயிறு இரவு

அக்கா, ஸ்பிரிண்ட் என்றே விடுங்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், நாளைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைக்கும் அதுதான் காதில் விழப்போகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மென்பொருள் குழுக்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்கிற ஸ்க்ரம் முறையிலும் ஸ்பிரிண்ட் உண்டு. அது ஒரு மாதம் அல்லது அதற்குக் குறைந்த தவணை, ஒன்று முடிய அடுத்தது உடனே தொடங்கும், ஒவ்வொன்றின் முடிவிலும் உண்மையாகவே வேலை செய்கிற ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்கிற ஐந்து நாள் ஸ்பிரிண்டில் உண்மைப் பொருளே கிடையாது, தோற்றம் மட்டும். இரண்டும் வேறு வேறு. ஒரே தமிழ்ச் சொல்லை இரண்டுக்கும் போட்டால் இன்னும் குழம்பும்.

மானிப்பாய், திங்கள் காலை

தம்பி சொல்வதில் பாதி சரி. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. ஆனால் 'அப்படியே விடுங்கள்' என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு என்னால் ஏற்க முடியாது.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர், பிறகு இங்கே மானிப்பாயில் இருந்து பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். உடற்கூறு, சத்திரசிகிச்சை என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழாக்க முடிந்த இடத்தில் ஐந்து நாள் வேலைக்கு ஒரு பெயர் வைக்க ஏலாதா? அவர் தூய்மை பார்த்தவருமில்லை. கெமிஸ்ட்ரிக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்', 1875 இல் வந்த நூலின் தலைப்பே அதுதான். ஒலியை எடுத்தார், ஈற்றைத் தமிழாக்கினார். எங்கள் பாடப்புத்தகங்களில் ஒட்சிசன், ஐதரசன், காபன் என்று எழுதுவதும் அந்த வழிதான். தமிழ்நாட்டார் படித்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், எங்கள் பிள்ளைகள் அந்தச் சொற்களாலேயே இரசாயனவியல் படித்து மருத்துவரும் பொறியியலாளரும் ஆனார்கள்.

ஆகவே என் வழி நடுவழி. வேர்க்‌ஷாப்புக்கு நாங்கள் ஏற்கெனவே 'செயலமர்வு' என்கிறோம், பத்திரிகையில் வருகிறது, சனத்துக்கு விளங்குகிறது. அதோடு குறுமையைச் சேர்த்தால் 'குறுஞ்செயலமர்வு'.

நெல்லியடி, திங்கள் மாலை

மாஸ்டர், ஸ்பிரிண்ட் என்றால் ஓடுவது. அமர்வு என்றால் இருப்பது. ஓட்டத்துக்கு இருப்பு என்று பெயர் வைக்கலாமா? பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓடுகிற பிள்ளையை அமர்ந்தான் என்பீர்களா?

தமிழில் இதற்கென்றே பிறந்த ஒரு வினை இருக்கிறது: முடுகு. விரைந்து செல்லுதல், நெருங்கி ஓடுதல். பௌதிகவியலில் நாங்கள் ஆர்முடுகல், அமர்முடுகல் என்று படிப்பிக்கிறோமே, வேகம் ஆர்தல் கூடுவது, அமர்தல் தணிவது, எவ்வளவு நுட்பமாக ஒரு தலைமுறை அந்தச் சொற்களைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. யாப்பிலும் முடுகு உண்டு. தொல்காப்பியர் சொன்ன இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், முடுகு வண்ணம் ஒன்று, திருப்புகழை வாய்விட்டுப் படிக்கிற எவருக்கும் முடுகு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை, குறில்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு ஓடும். ஆகவே 'வடிவமுடுகு'. ஆறெழுத்து, ஒற்றே இல்லை, வாயில் ஓடுகிறது.

ஸ்காபரோ, திங்கள் (உங்களுக்குச் செவ்வாய்)

நான் இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவள், இப்படிப் பல குழுக்களை நடத்தியிருக்கிறேன், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். பெயரில் ஓட்டம் இருந்தாலும் உள்ளே ஓட்டம் இல்லை. செவ்வாய்க்கிழமை அறைக்குள் வந்து பார்த்தால் சத்தமே இருக்காது. எட்டு நிமிடத்தில் எட்டு வரைவு என்று ஒரு பயிற்சி உண்டு, அது ஒன்றுதான் பதற்றமானது; மற்ற நேரமெல்லாம் ஒவ்வொருவரும் தனியாகக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். குழுவாகச் சத்தம் போட்டு யோசித்தால் குரல் பெரியவரின் யோசனைதான் வெல்லும், அதைத் தடுக்கத்தான் தனியாக வரைவதும், பெயரில்லாமல் சுவரில் ஒட்டுவதும், புள்ளி ஒட்டி வாக்களிப்பதும். கடைசியில் முடிவு எடுக்க ஒருவரை முதலிலேயே நியமித்துவிடுவார்கள்.

இந்த முறையின் உயிர் வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. ஐந்து பேர் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கையேட்டில் போடுங்கள்: பாவனை எளிமையை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000 இல் எழுதினார், ஒரு பாவனையாளர் சராசரியாக ஒரு பொருளைப் பாவிப்பதில் உள்ள இடர்களில் 31 சதவீதத்தைக் காட்டிக்கொடுப்பார், அடுத்தவர் பார்ப்பதில் ஒரு பகுதி பழையதாகவே இருக்கும், ஐந்தாவது ஆளோடு சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு இருப்பதையே இன்னும் இன்னும் பலரிடம் கொடுத்துப் பார்ப்பதைவிடத் திருத்திவிட்டுப் புதிதாகப் பார்ப்பது மேல் என்று. இடர் எல்லோருக்கும் ஒரே அளவில் எதிர்ப்படும் என்று வைத்துக்கொண்ட கணக்கு அது, அதையும் சொல்லிவிடுங்கள்.

நெல்லியடி ஐயாவிடம் ஒன்று. முடுகு வண்ணம் அடியைத் தாண்டி ஓடுவது அல்லவா? இது அதற்கு நேர் எதிர். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு நின்றே ஆக வேண்டும்.

நெல்லியடி, செவ்வாய் காலை

பிள்ளை சொன்னது நல்ல கேள்வி. அடியிறந்து ஓடுவது முடுகு வண்ணத்தின் இலக்கணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வினையின் பொருள் வண்ணத்தின் இலக்கணத்தோடு கட்டப்பட்டதல்ல.

சரி, ஓட்டத்தை விடுவோம். யோசித்து, துணிந்து, செய்து பார்ப்பது என்றால் அதற்கு வள்ளுவர் சொல் தந்திருக்கிறார். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது.' ஆராய்ச்சியின் முடிவு துணிவு, துணிந்ததைச் செய்யாமல் காலம் தாழ்த்தினால் தீது. திங்களும் செவ்வாயும் சூழ்ச்சி, புதன் துணிவு, வியாழனும் வெள்ளியும் தாழாமை. ஒரு குறளில் ஐந்து நாளும் அடங்கிவிட்டது. 'வடிவச்சூழ்வு' என்று வையுங்கள். முடிவெடுப்பவர் 'துணிபவர்'.

திருநெல்வேலி, செவ்வாய் மதியம்

ஐயா, குறள் பொருத்தம் உண்மையிலேயே அழகு, கையேட்டின் முதற்பக்கத்தில் போடலாம். ஆனால் சூழ்ச்சி என்ற சொல் இன்று வஞ்சகம்தான், அதை நாங்கள் இந்தக் கையேட்டால் மாற்ற முடியாது. சந்தையில் ஒரு தோட்டக்காரரிடம் போய் 'வெங்காய விலைக்கு ஒரு சூழ்வு செய்கிறோம், வருகிறீர்களா' என்று கேட்டால் அவர் எங்களைத் தரகர் பக்கத்து ஆட்கள் என்று நினைப்பார். கேட்கிற பிள்ளைக்கு அங்கே நிற்க இடமிருக்காது. இந்தச் சொல் வகுப்பறையோடு நிற்கப் போவதில்லை, அழைப்பிலும் வரும்.

சுழிபுரம், செவ்வாய் இரவு

தமிழ்நாட்டில் 'பட்டறை' என்கிறார்களே, அதை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? எழுத்துப் பட்டறை, நாடகப் பட்டறை. கொல்லன் பட்டறையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் போட்டுப் பார்ப்பதுதானே இங்கும் நடப்பது. 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை' என்று குறளின் கூடா நட்பு அதிகாரத்தில் வருகிற பட்டடை, கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல். பட்டறை அதிலிருந்து வந்தது என்பது என் எண்ணம், டகரம் றகரமானதற்கு வேறு எடுத்துக்காட்டுகளும் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் தனி இழையில் எழுதுகிறேன்.

இன்னொன்று, முன்மாதிரி என்ற சொல்லும் எனக்குச் சம்மதமில்லை. பரிசளிப்பு விழாவில் 'இம்மாணவி ஏனையோருக்கு முன்மாதிரி' என்று பேசுகிறோம். வியாழக்கிழமை செய்வது முன்னால் நிற்கிற தோற்றம் மட்டும், உள்ளே ஒன்றுமில்லை. இலக்கணத்தில் ஓரெழுத்தின் இடத்தில் இன்னோரெழுத்து வந்து பொருள் மாறாமல் நிற்பதைப் போலி என்கிறோம், மயல் மையல் மாதிரி. வியாழக்கிழமைப் பொருள் அதுதான்.

மானிப்பாய், புதன் காலை

போலி என்றால் கடையில் விற்கிற கள்ளச் சாமான். முன்மாதிரியே இருக்கட்டும், பாடத்திட்டத்தில் பழகிய சொல். பட்டறை இங்கே கொல்லனுக்கும் வாகனம் திருத்துகிறவருக்கும் உரியது, செயலமர்வு என்ற நல்ல சொல்லை வைத்துக்கொண்டு அதை வாங்கத் தேவையில்லை.

கோண்டாவில், புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி, ஆனால் நாள் இரண்டுதான் இருக்கிறது. இன்று வகுப்பில் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல், இது என்னவாக இருக்கும் என்று கேட்டேன். ஸ்காபரோ அக்கா சொன்ன சோதனையை எங்கள் சொல்லிலேயே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. 'வடிவமுடுகு' என்றதும் கவிதை வகையா என்று கேட்டார்கள். 'வடிவச்சூழ்வு' சுற்றாடல் பாடத்துக்குப் போய்விட்டது. 'குறுஞ்செயலமர்வு' உடனே விளங்கியது, ஆனால் அரை நாள் கருத்தரங்கு, தேநீர், சான்றிதழ் என்று நினைத்தார்கள். ஒரு பிள்ளை தானாகவே 'விரைவு அமர்வா, மிஸ்' என்று கேட்டாள். அதைக் கரும்பலகையில் எழுதியபோது மற்றவர்களும் கூடி இருந்து விரைவாக ஒன்றை முடிப்பது என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். சோதனை என்பது மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

'வடிவமைப்பு விரைவமர்வு' என்று போடலாமா? ஸ்க்ரம் ஸ்பிரிண்டுக்கு இதைப் பாவிக்க மாட்டேன், அதற்குத் 'தவணை' போதும்.

திருநெல்வேலி, புதன் இரவு

சம்மதம். முதல் இடத்தில் மட்டும் ஸ்பிரிண்ட் என்றும் எழுதிவிடுங்கள். தவணையும் நல்லது, பள்ளிக்கூடத் தவணை எல்லோருக்கும் தெரியும், ஒன்று முடிய மற்றது வரும்.

மானிப்பாய், வியாழன் காலை

செயலை விட்டுவிட்டது எனக்குக் குறை. ஆனாலும் போடுங்கள் பிள்ளை.

நெல்லியடி, வியாழன் காலை

விரைவு முற்றியலுகரம், 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூல் சொல்வதால் உகரம் கெட்டு விரைவமர்வு என்று புணரும், புணர்ச்சியில் பிழை இல்லை. பொருளில்தான் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. விரைவும் இருப்பும் ஒரு சொல்லுக்குள் முரணி நிற்கின்றன, அதைவிடப் பெரிய குறை, அந்தப் பிள்ளைகளே காட்டியபடி, பார்த்தல் அதில் இல்லை. சொல்லைக் கேட்டவன் செய்து முடிப்பது என்று நினைப்பானே தவிர, செய்து, பிறரிடம் கொடுத்து, தான் நினைத்தது பிழை என்று அறிவது என்று நினைக்க மாட்டான். பிள்ளையின் அவசரம் விளங்குகிறது. அச்சிடுங்கள். நான் என் வகுப்பில் முடுகு என்றுதான் சொல்வேன்.

ஸ்காபரோ, வியாழன்

ஐயா சொன்ன கடைசிக் குறை எனக்கும் உறுத்துகிறது. ஆங்கிலத்திலும் அந்தக் குறை அப்படியே இருக்கிறது, ஸ்பிரிண்ட் என்ற சொல்லை மட்டும் கேட்டு வெள்ளிக்கிழமைச் சோதனையை வெட்டிவிட்டு நான்கு நாள் கூடி வரைந்துவிட்டுப் போகிற குழுக்களைக் கண்டிருக்கிறேன். நாங்கள் புதிதாக வைக்கும்போதாவது அதைத் திருத்தியிருக்கலாம். 'தேர்வமர்வு' என்று ஒன்று தோன்றியது, தேர்தலும் சோதித்தலும் இரண்டும் தேர்வுதானே.

கோண்டாவில், வியாழன் இரவு

அக்கா, தேர்வு என்றால் பரீட்சை என்று பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். விரைவமர்வு என்றே போகிறது. தலைப்புக்குக் கீழே 'செய்து, கொடுத்து, பார்த்து அறியும் ஐந்து நாள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், ஐயாவின் குறைக்கு இப்போது என்னால் முடிந்தது அதுதான். குறள் முதற்பக்கத்தில் உண்டு. முடிவெடுப்பவருக்குத் 'துணிபவர்' வேண்டாம், 'தீர்மானிப்பவர்' என்று போடுகிறேன், ஆட்சேபம் இருந்தால் காலை எட்டு மணிக்கு முன் எழுதுங்கள்.

நெல்லியடி, வெள்ளி காலை 6 மணி

துணிபவர்.